ஒண்ணுக்குத் துணியும் பிளாஸ்டிக் நாடாவும்

எம்.ஏ. தமிழ் படித்த ரெண்டு வருசமும் பெண் உடம்பைப் பற்றித்தான் அதிகம் படிக்கச் சொன்னார்கள். தலைவன் பிரிந்தால் மேனி நிறம் மாறும், அதுக்கு ஒரு சொல் உண்டு, பசலை. வளை கழன்றால் அதுக்குப் பாட்டு உண்டு. நாலு பிள்ளை பெத்து, நாத்துக்கட்டு சுமந்து, தும்மினால் சேலை நனைந்து நிற்கிற பொம்பளைக்கு அந்த இலக்கியத்தில் ஒரு சொல்லும் இல்லை. எங்க பேட்டில் சொல் இருக்கிறது. 'ஒண்ணுக்கு நிக்கல' என்பார்கள். அதையும் காதோடு காதாகத்தான் சொல்வார்கள்.

புதுச்சேரிப் பக்கம் சேரிக்குப் பேட் என்று பேர். பிள்ளையார்குப்பம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலூர் ரோட்டு மருத்துவக் கல்லூரிதான் ஞாபகத்துக்கு வரும். எங்க பொம்பளைங்களுக்குக் கழனி. பாகூர் வரைக்கும் நடவுக்கும் களைக்கும் போய் வந்தவர்கள். பிள்ளை பெத்த உடம்பு தேறுவதுக்கு முன்னால் குனிந்து நட்டவர்கள். கழனியில் ஒதுங்க மறைவில்லை என்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை அடக்கியவர்கள், அதுக்காகவே தண்ணி குடிக்காமல் இருந்தவர்கள். நாற்பது வயசில் அடி தளர்ந்துபோகிறது. இது விதியா? இல்லை, கூலி.

செங்கற்பட்டுப் பக்கம் 1981 முதல் தலித் பெண்களோடு வேலை செய்கிற ரூசெக் அமைப்பினர் கருப்பை இறக்கம் பற்றி அந்தப் பெண்களிடமே கேட்டு எழுதியது 1999இல் வெளிவந்தது. அடி இறங்கின உடம்போடு வருசக்கணக்கில் கூலிக்குப் போனவர்களின் கதை அது. படித்தபோது எங்க தெருப் பொம்பளைங்களை வரிசையாகப் பார்த்த மாதிரி இருந்தது.

ஒழுகுவதில் இன்னொன்றும் இருக்கிறது. நாத்தம். 'சேரிக்காரங்க கிட்ட நாத்தம் வரும்' என்று சொல்லியே நம்மை எட்டி நிறுத்தினவன் ஊர்க்காரன். அந்தச் சொல் நிஜமாகிவிடுமோ என்று பயந்தே எங்க பொம்பளைங்க பழைய சேலையைக் கிழித்து மடித்துக் கட்டினார்கள். பஸ்ஸில் உட்காராமல் நின்றுகொண்டே போனார்கள். ஊர்த்தெரு அம்மாவுக்கு இது வியாதி. எங்களுக்கு இது வியாதியோடு சேர்ந்த சாதி.

என் சின்னம்மாவும் அப்படித் துணி கட்டினவள்தான். 2009இல், வேறொரு ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரியில் (பேர் வேண்டாம்) 'ஒரு நாடா வச்சா நின்னுடும், மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்' என்றார்கள். கைநாட்டு வாங்கினார்கள். நின்றது. அதை மறைக்கக் கூடாது. ரெண்டு வருசம் சின்னம்மா துணி கட்டாமல் நடவுக்குப் போச்சி. கல்யாண வீட்டில் பாயில் உட்கார்ந்துச்சி.

அந்த நாடா என்னவென்று பின்னால்தான் தேடிப் படித்தேன். இருமினால், சிரித்தால், மூட்டை தூக்கினால் ஒழுகுவதை டாக்டர்கள் 'ஸ்ட்ரெஸ்' வகை என்கிறார்கள். மனக்கவலை இல்லை. வயிற்றில் அழுத்தம் ஏறும்போது மூத்திரக்குழாயைத் தாங்கவேண்டிய அடித்தசை தளர்ந்திருப்பதால் வருவது. அந்தத் தசையை இறுக்கி இறுக்கி விடுகிற பயிற்சியை ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க டாக்டர் 1948இலேயே எழுதிவிட்டார். காசு செலவில்லாத வைத்தியம். சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் மூணு மாசப் பொறுமையும் வேணும். சின்னம்மாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

1996இல் சுவீடன் டாக்டர் உல்ஃப் உல்ம்ஸ்டன் புது முறையை வெளியிட்டார். ஒரு சென்டிமீட்டர் அகல பிளாஸ்டிக் வலை நாடாவை மூத்திரக்குழாய்க்கு அடியில் தொட்டில்போலக் கொடுப்பது. ரெண்டு முனையும் அடிவயிற்றுப் பக்கம் மேலே ஏறும். பின்னால் வந்த இன்னொரு வகையில் தொடையிடுக்கு வழியாகப் போகும். வலை பாலிபுரோப்பிலீன். சாக்குப்பை நெய்கிற பிளாஸ்டிக்கும் அதே குடும்பம்தான். உலகம் பூராவும் லட்சக்கணக்கான பெண்களுக்கு வைத்தார்கள். நம் நாட்டில் கம்பெனி நாடா விலை அதிகம் என்று, குடலிறக்கத்துக்கு வரும் வலையை நீளமாக நறுக்கி வைத்த டாக்டர்களும் உண்டு. அப்படிச் செய்ததை அவர்களே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

பலருக்கு அது நல்லபடியாக இருந்தது. சிலருக்கு வலை சதையை அறுத்துக்கொண்டு பெண்குறிப் பாதைக்குள்ளோ மூத்திரக்குழாய்க்குள்ளோ நீட்டிக்கொண்டு வந்தது. ரத்தம், சீழ், தொடை வலி, புருசனோடு படுக்க முடியாமை. சின்னம்மா அந்தச் சிலரில் ஒருத்தி. வலி என்று போனபோது 'வயசாச்சி' என்றார்கள், 'வெள்ளை படுது' என்று மாத்திரை கொடுத்தார்கள், ஒருவர் 'மனசுதான் காரணம்' என்றார். குத்துது என்று சின்னம்மா சொன்ன சொல் எந்தச் சீட்டிலும் ஏறவில்லை.

எடுத்துவிடலாம் என்று கடைசியில் ஒரு டாக்டர் சொன்னார். முதல் கேள்வி, 'எந்த வகை நாடா, எந்த வழியா வச்சாங்க? பழைய சீட்டு எங்கே?' சீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் கூரை போனபோது பெட்டியும் நனைந்து கூழாகிப்போனது. அறுத்த ஆஸ்பத்திரியில் கேட்டோம், இல்லை என்றார்கள். உள்நோயாளி பதிவை மூணு வருசம் வைத்திருந்தால் போதும் என்கிறது 2002ஆம் வருசத்து மருத்துவ ஒழுங்குவிதி. உடம்புக்குள் வைத்த பிளாஸ்டிக்குக்கு அந்த மூணு வருசக் கணக்கு தெரியாது. எக்ஸ்ரேயிலும் அது தெரியாது. அடிப்பக்கமாக வைத்துப் பார்க்கிற தனி ஸ்கேனில்தான் தெரியும்.

வைப்பது அரைமணி வேலை. எடுப்பது அப்படியில்லை. வலைக் கண்ணுக்குள் சதை புகுந்து வளர்ந்திருக்கும். அப்படி வளர்வதுக்காகத்தான் அதை வலையாக நெய்தார்கள். ஈர சிமெண்டுக்குள் இருந்து கம்பிவலையை உருவுகிற மாதிரி என்றார் டாக்டர். பக்கத்திலேயே மூத்திரப்பை, நரம்பு, ரத்தக்குழாய். முழுசாக எடுக்க வயிற்றையோ தொடையிடுக்கையோ திறக்கவேண்டி வரும். அதனால் பல இடங்களில் வெளியே தெரிகிற துண்டை மட்டும் நறுக்குகிறார்கள். எடுத்த பிறகும் எல்லோருக்கும் வலி போவதில்லை. ஒழுகலும் திரும்பி வரலாம். சின்னம்மாவுக்கு நடுத்துண்டு வந்தது, தொடைப்பக்கத் துண்டுகள் உள்ளேயே கிடக்கின்றன. ரத்தம் நின்றது, வலி பாதி குறைந்தது, ஒழுகல் திரும்பி வந்தது. 'இன்னா சின்னம்மா, மறுபடியும் துணி கட்டணுமா' என்று கேட்டேன். 'கட்டிக்கிறன் போ. துணின்னா தொவைச்சிப் போட்டுடலாம். வலிய எந்தக் கல்லுல வச்சித் தொவைக்கிறது?' என்றுச்சி.

மற்ற நாட்டுப் பெண்கள் என்ன செய்தார்கள்? கூட்டம் சேர்ந்தார்கள். ஸ்காட்லாந்துப் பெண்கள் பாராளுமன்றத்துக்கு மனு கொடுத்து, 2014இல் அரசே நிறுத்தச் சொல்லும்படி செய்தார்கள். சொந்தக் காசில் வலையை எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்தச் செலவைத் திருப்பித் தர 2022இல் சட்டமே வந்தது. இங்கிலாந்தில் 2018இல் இந்த நாடா வைப்பதை நிறுத்திவைத்தார்கள். 2020இல் கம்பர்லெஜ் அம்மையார் குழு, பெண்கள் சொன்னதை வருசக்கணக்கில் யாரும் காதில் வாங்கவில்லை என்று எழுதியது. 2021இல் எடுப்பதுக்கென்றே தனி மையங்கள் திறந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 2019இல் கோர்ட்டு ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி மேல் தீர்ப்புச் சொன்னது. 2022இல் 30 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு அந்தக் கம்பெனி உடன்பட்டது. அந்தப் பெண்களையும் முதலில் 'மனசுதான் காரணம்' என்றுதான் அனுப்பினார்கள். அவர்கள் கையில் சீட்டு இருந்தது, வக்கீல் இருந்தார். வாய் நமக்கும் இருக்கிறது.

சட்டம் நம்மிடமும் கொஞ்சம் உண்டு. விவரமும் ஆபத்தும் மாற்று வழியும் சொல்லி வாங்குவதுதான் சம்மதம் என்று சுப்ரீம் கோர்ட்டு சமீரா கோலி வழக்கில் 2008இலேயே சொல்லிவிட்டது. சின்னம்மா கைநாட்டு வைத்தது அதுக்கு அடுத்த வருசம். கேட்ட 72 மணி நேரத்தில் பதிவைக் கொடுக்கவேண்டும் என்பதும் அதே 2002 விதியில்தான் இருக்கிறது. உடம்புக்குள் வைக்கும் கருவியால் கெடுதல் வந்தால் பதிவு செய்ய 2015இல் மத்திய அரசு ஒரு திட்டமே தொடங்கியது. அதில் நோயாளியும் புகார் தரலாம். நம்ம தெருவில் யாருக்குத் தெரியும்?

கலப்புத் திருமணத்துக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் பஞ்சமி நிலத்துக்கும் கூட்டம் போடுகிறோம். போடத்தான் வேணும். அந்தக் கூட்டத்தில் பொம்பளைங்களின் ஒண்ணுக்கும் ஒரு கோரிக்கையாக ஏறணும். கழனியிலும் வேலைத்தளத்திலும் மறைவான கக்கூசு. பிள்ளை பெத்தவளுக்குக் கூலியோடு ஓய்வு. அறுவைக்கு முன்னால் மூணு மாசம் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆள். உடம்பில் எதை வைத்தாலும் அதன் பேரும் நம்பரும் உள்ள ஒட்டுச்சீட்டு, தமிழில் எழுதின சீட்டு, அவள் கையில். வைத்ததை முழுசாக எடுக்கத் தெரிந்த டாக்டர்கள், அரசு ஆஸ்பத்திரியில், காசில்லாமல்.

இப்போ மகளிர் குழுவில் ஒரு வேலை செய்கிறோம். அறுவை செய்துகொண்ட ஒவ்வொருத்தியின் சீட்டையும் ரெண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பாலித்தீன் பையில் போட்டு அவள் வீட்டிலும் இன்னொன்றைக் குழு பீரோவிலும் வைக்கிறோம். சின்னம்மா பேரில் இருக்கிற பையில், எடுத்ததுக்கு உண்டான சீட்டு மட்டும் இருக்கிறது. வைத்ததுக்கு உண்டான இடம் காலி. அந்தக் காலி இடத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டு எழுதின மனுவில் இதுவரைக்கும் பதினேழு பேர் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை வாசித்துக் காட்டின பிறகுதான் வைத்தார்கள்.