வில்லன் இல்லாத கதையும் நொய்யல் தண்ணியும்

"இந்த வயசுலயும் கார்ட்டூனா?" அனிமே பார்க்கிற எல்லாரும் வீட்டிலோ ஹாஸ்டலிலோ ஒரு தடவையாவது இந்தக் கேள்வியை வாங்கியிருப்போம். என்னிடம் இதற்கு நீளமான பதில் ஒன்று இருக்கிறது. பொறுமை இருக்கிறவர்கள் மட்டும் உட்காருங்கள். கதையை முழுசாகச் சொல்லிவிடுவேன், அப்புறம் திட்டக்கூடாது.

சண்டைக்காகப் பார்க்க ஆரம்பித்தவன்தான் நானும். அண்ணன்மார்கள் 'டிராகன் பால் இசட்' பார்த்துவிட்டு மொட்டை மாடியில் "கமேஹமேஹா" என்று கையை நீட்டினார்கள், நானும் பின்னாலேயே நின்று நீட்டினேன். அப்புறம் நருட்டோ. அதில்தான் முதல் தடவையாக ஒரு விஷயம் உறைத்தது. எதிரி செத்து விழும்போது விசில் அடிக்கத் தோன்றவில்லை, தொண்டை அடைத்தது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கு வந்ததே, அதிலும் இதே கதைதான். அகாஸாவின் தலை துண்டான பிறகு கதை அவன் சின்ன வயசுக்குப் போகிறது. நோயாளி அப்பாவுக்கு மருந்து வாங்கத் திருடிய பையன் அவன். பேயை வெட்டிய சந்தோஷத்தை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறார்கள்.

ஆனாலும் இந்தத் தொடர்களில் வெட்டுவதற்கு ஒருத்தன் கடைசிவரை இருக்கிறான். அவன்கூட இல்லாத கதை வேண்டுமென்றால் மியாசாகியிடம் போக வேண்டும். 1997-ல் வந்த 'பிரின்சஸ் மோனோநோக்கே'. இது தொடர் இல்லை, படம். நான் அடிக்கடி பார்ப்பதற்குக் காரணம் அது ஜப்பான் கதை என்பதால் இல்லை. எங்கள் ஊர்க் கதை என்பதால்.

கதை இதுதான். ஒரு மலைக்கிராமத்துக்குள் பெரிய காட்டுப்பன்றி ஒன்று வெறிபிடித்துப் பாய்கிறது. அது ஒரு காட்டுத் தெய்வம். ஊரைக் காப்பாற்ற அஷிடாகா என்ற பையன் அதை அம்பெய்து கொல்கிறான். அதன் சாபம் அவன் கையில் ஒட்டிக்கொள்கிறது. பன்றியின் உடம்பைப் பார்த்தால் உள்ளே ஒரு இரும்புக் குண்டு. எங்கோ மேற்கே யாரோ சுட்டது. சுட்டவர்களுக்கு இந்தக் கிராமம் இருப்பதே தெரியாது. கிராமத்துக்காரர்களுக்கும் சுட்டவர்களைத் தெரியாது. ஆனால் கை அழுகப்போவது இவனுக்கு.

அஷிடாகா மேற்கே போய்ப் பார்த்தால் அங்கே ததாரா என்றொரு இரும்பு உருக்கும் ஊர். தலைவி எபோஷி. காட்டை அழிக்கிறாள், துப்பாக்கி செய்கிறாள், பன்றியைச் சுட்டதும் அவள்தான். சரி, வில்லி கிடைத்துவிட்டாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், விபச்சார விடுதிகளில் விற்கப்பட்ட பெண்களைக் காசு கொடுத்து மீட்டு வேலை கொடுத்தவளும் அவளே. துருத்தி மிதிக்கிற அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே ஆண்களை அதட்டுகிறார்கள். தொழுநோயாளிகளுக்குத் தன் தோட்டத்திலேயே இடம் கொடுத்து, புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுகிறவளும் அவளே. அந்தத் துப்பாக்கிகளைச் செய்வது அந்த நோயாளிகள்தான்!

இப்போது நம்மூருக்கு வருகிறேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு வழியாகப் போய் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது நொய்யல். என் அப்பா திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். அம்மா வீடு சென்னிமலைப் பக்கம், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. ஆக, ததாராவும் அஷிடாகாவின் கிராமமும் எங்கள் வீட்டில் சம்பந்திகள்.

பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பு போட வேண்டும். சாயத்தைத் துணி பிடித்துக்கொள்ளும், உப்பு அப்படியே தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அந்தத் தண்ணீரிலிருந்து நிறத்தை எடுப்பது ஓரளவு முடிகிற காரியம். கரைந்த உப்பை எடுக்க ஆர்.ஓ. வேண்டும், மிச்சத்தைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். செலவு அதிகம். அதனால் பல வருஷம் அது ஆற்றில் போனது. பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, அந்தத் தண்ணீரைத் தேக்கி வைக்கிற தொட்டியாகிவிட்டது. மாமன் தோட்டத்துக் கிணறு உப்பானது அப்படித்தான். "எளநீ கூட உப்புக் கரிக்குது சாமி" என்று அமுச்சி சொல்லுவார். மாமன் யாரைப் பார்த்துக் கத்துவார்? பனியன் போடுகிற அமெரிக்காக்காரனையா?

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய, சலவைப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேல் பட்டறைகள். நான் அப்போது ஒண்ணாம் வகுப்பு. அப்பா பகலில் வீட்டில் இருந்தார் என்பதுதான் எனக்கு ஞாபகம். அது எனக்குக் கொண்டாட்டம், அம்மாவுக்கு இல்லை. மழை பொய்த்த மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்து, பவர் டேபிளில் உட்கார்ந்து பிள்ளைகளைப் படிக்க வைத்த அக்காக்கள் எங்கள் லைன் வீட்டிலேயே நாலு பேர். இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். துருத்தி மிதிக்கிற பெண்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த அக்காக்கள்தான் தெரிகிறார்கள்.

நம் சினிமாவிலும் தண்ணீர்க் கதை உண்டு. 'கத்தி' (2014) மாதிரி. நானும் கைதட்டினேன். ஆனால் அங்கே கோட்டுப் போட்ட ஒருத்தனை அடித்தால் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிடும். நொய்யலில் யாரை அடிப்பது? அப்பாவையா?

மியாசாகியிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. 2001-ல் வந்த 'ஸ்பிரிட்டட் அவே'யில் நாற்றமெடுத்த ஒரு சேற்றுப் பூதம் குளிக்க வருகிறது. சிஹிரோ அதன் உடம்பில் குத்தியிருந்ததைப் பிடித்து இழுத்தால் சைக்கிள், குப்பை, கூளம் என்று கொட்டுகிறது. பார்த்தால் அது ஒரு நதித் தெய்வம். மியாசாகி நிஜமாகவே ஒரு ஆற்றைச் சுத்தம் செய்யப் போய் சைக்கிளை இழுத்த அனுபவம் அது. அழகான காட்சிதான், நானும் அழுதேன். ஆனால் சைக்கிளைக் கயிறு கட்டி இழுக்கலாம், உப்பை இழுக்க முடியாதே ஐயா! அதே படத்தில் வரும் ஹாக்குதான் எனக்கு நம்பும்படி இருக்கிறான். அவன் ஓடிய இடத்தை மூடி அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். திரும்பிப் போக அவனுக்கு ஆறே இல்லை.

'மோனோநோக்கே' முடிவிலும் மலை மறுபடி பச்சையாகிறது. கொஞ்சம் சுலபமாகத்தான் ஆகிறது. ஆனால் ஓநாய் வளர்த்த பெண் ஸான், அது பழைய காடு இல்லை என்கிறாள். மனிதர்களை மன்னிக்க முடியாது என்றும் சொல்கிறாள். அஷிடாகா அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அவள் காட்டில் இருக்கட்டும், நான் ததாராவில் வேலை செய்கிறேன், வந்து வந்து பார்க்கிறேன் என்கிறான். காதல் கதைக்கு இது ஒரு முடிவா என்று நண்பன் ஒருத்தன் கடுப்பானான். எனக்கு இதுதான் பிடித்தது.

போன பொங்கலுக்கு மாமன் குடும்பத்தோடு வந்திருந்தார். லேப்டாப்பை டிவியில் மாட்டி இந்தப் படத்தைப் போட்டேன். கீழே ஆங்கில எழுத்து ஓட, நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முடிந்ததும் அப்பா கேட்டார்: "ஊரே எரிஞ்சு போச்சே, அந்தப் பொம்பளைகளுக்கு இனி வேலை?" நல்ல ஊராகக் கட்டுவோம் என்று எபோஷி சொல்கிறாளே என்றேன். "சொல்றா, சரி" என்றார்.

மாமன் கேட்டது வேறு. "ஏன் மாப்ள, அந்தப் பையனோட சொந்த ஊரு என்னாச்சு? கடைசி வரைக்கும் காட்டவே இல்லியே?"

இத்தனை தடவை பார்த்தும் எனக்கு அது தோன்றியதே இல்லை. காட்டவே இல்லை.