யாரு வூட்டு மருமவ நீ?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வரும் பேருந்தில் நான் முதல் முறை தனியாக ஏறியது, கல்யாணமான புதிதில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரு வூட்டு மருமவ நீ?"

மாமனார் பெயரைச் சொன்னேன். அடுத்த அரை மணி நேரத்தில், அதுவரை எனக்கே தெரியாத என் புகுந்த வீட்டுக் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார்!

நான் தாம்பரத்தில் வளர்ந்தவள். அங்கே எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இங்கே நான் வாங்கிய கத்திரிக்காய் என்ன விலை என்பது, நான் வீடு வந்து சேர்வதற்குள் வீட்டுக்குத் தெரிந்திருக்கும். இந்த 22 வருடங்களில் இதற்காக நான் எரிச்சல்பட்ட நாட்களும் உண்டு, கையெடுத்துக் கும்பிட்ட நாட்களும் உண்டு.

உத்திரமேரூர் நகரமும் இல்லை, கிராமமும் இல்லை. சுமார் 25 ஆயிரம் பேர் வாழும் பேரூராட்சி. தாலுகா தலைநகரம் என்பதால் பட்டா, சிட்டா என்று சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள் காலையிலேயே வந்து இறங்குவார்கள். வந்த கையோடு உரம், விதை, பாத்திரம், பிள்ளைக்குச் சட்டை என்று வாங்கிக்கொண்டு போவார்கள். காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ போக ஏறக்குறைய 30 கிலோமீட்டர், சென்னைக்கு 90. ரயில் கிடையாது. விடிவதற்கு முன்பே ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸுக்காகத் தெருமுனையில் நிற்பார்கள். சம்பளம் அங்கே, சாப்பாடும் தூக்கமும் இங்கே.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் குடவோலைதான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன முறை. 35 வயதுக்குக் குறையக் கூடாது, 70-ஐத் தாண்டக் கூடாது. சொந்த நிலமும் வீடும் வேண்டும். பதவி 360 நாட்கள்தான்.

பள்ளிப் புத்தகத்தில் இதைப் படித்தபோது மதிப்பெண்ணுக்கு மேல் எதுவும் தோன்றவில்லை. இங்கே வாழ்ந்த பிறகுதான் அதில் ஒரு விதி என்னைச் சிரிக்க வைத்தது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமல்ல, பெரியம்மா மகன், அத்தை மகன், தாய்மாமன், சகோதரி புருஷன், மருமகன் என்று நீளும் பட்டியலில் உள்ள ஒருவரும் வர முடியாது! 1,100 வருடத்துக்கு முன்பே இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம் என்பது விதி எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அதை அப்படியே கொண்டாடவும் மனம் வரவில்லை. அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். வேதம் படித்த, நிலம் உள்ள ஆண்களுக்குத்தான் அந்தக் குடத்தில் ஓலை. வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கு இல்லை, எனக்கும் இருந்திருக்காது. இன்று தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. அந்தக் கல்வெட்டை நான் தலைநிமிர்ந்து பார்ப்பது அதனால்தான்.

கொண்டாட வேண்டியது ஒன்று உண்டு. தோட்டத்துக்கு 12 பேர் கொண்ட வாரியம் போல, ஏரிக்கென்றே 6 பேர் கொண்ட வாரியம் வைத்திருந்தார்கள். ஊருக்குச் சோறு போடுவது ஏரி என்ற நினைப்பு. அது இன்றும் போகவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கலங்கல் வழிந்தால் யாராவது ஓடி வந்து மாமனாரிடம் சொல்வார்கள். அவரும் குடையோடு கிளம்பிவிடுவார்.

போன வருடம் ஓர் இரவு, பதினோரு மணிக்கு மேல் அவருக்கு நெஞ்சுவலி. கணவர் வெளியூரில். நான் வாசலில் நின்று கத்தியதுதான் தெரியும். எதிர்வீட்டுத் தம்பி காரை எடுத்தான். மருந்துக் கடைக்காரர் ஷட்டரைத் திறந்தார். உள்ளூரில் முதலுதவி செய்து, செங்கல்பட்டுக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். அந்த 30 கிலோமீட்டர் இருட்டுச் சாலையை நான் மறக்க மாட்டேன். பக்கத்தில் திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் நமக்குப் பக்கத்தில் இருந்த வைத்தியம், இப்போது இவ்வளவு தூரத்தில் இருக்கிறதே என்று அன்று மனம் அடித்துக்கொண்டது.

மாமா பிழைத்துக்கொண்டார். ஆனால் சென்னையில் வேலை பார்க்கும் மகள் விடவில்லை. "வீட்டை வித்துட்டுத் தாம்பரம் பக்கம் வந்துடுங்கம்மா. பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி" என்றாள். அவள் சொன்னதில் தவறே இல்லை. அந்த ராத்திரிக்குப் பிறகு எனக்கும் பாதி மனம் அங்கேதான்.

"அங்க பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கும். ஆனா நீங்க வாசல்ல நின்னு கத்துனா கதவைத் திறக்க யார் இருப்பா?" என்று அவளிடம் கேட்டேன். "போன் பண்ணா ஆம்புலன்ஸ் வரும்மா" என்றாள். அதுவும் சரிதான்.

கடைசியில் மாமாவிடமே கேட்டோம். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பக்க நியாயத்தையும் பொறுமையாகக் கேட்டார்.

"வரேம்மா. எனக்கென்ன?" என்றவர், கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"ஏரி ரொம்புனா, அங்க வந்து எனக்கு யாரு சொல்லுவாங்க?"

மகள் பதில் சொல்லவில்லை. வீடு இன்னும் விற்கப்படவில்லை. காருக்குச் சொந்தக்காரத் தம்பியின் எண்ணும், செங்கல்பட்டு மருத்துவரின் எண்ணும் அலமாரிக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கின்றன. ஒட்டியவள் மகள்தான்.