சின்னப் பற்றரியும் நாங்களும்

விடிய ஐந்தரைக்கு போன் வந்தது. "பிள்ளையள், கார் திரும்பவும் செத்துப் போச்சு."

சித்தப்பா அவ்வளவு சுருக்கமாகக் கதைக்கிற ஆள் இல்லை. எங்கள் மூன்று பேரில் ஒருத்திக்குத்தான் அவர் சொந்தச் சித்தப்பா. ஆனால் கம்பஸ் வந்த முதல் வருசத்திலிருந்து அவருடைய வீட்டுச் சோற்றைத் தின்று, அவருடைய காரில் ஏறித் திரிந்ததில் மற்ற இரண்டு பேருக்கும் அவர் சித்தப்பாவாகிவிட்டார்.

அந்தக் கார் ஜப்பானில் ஓடிப் பழசாகி, 2015ஐ ஒட்டிய காலத்தில் மின்சாரக் கார்களுக்கு வரி குறைவாக இருந்தபோது இலங்கைக்கு வந்தது. 2022இல் யாழ்ப்பாணமே பெற்றோல் வரிசையில் கிடந்த நாட்களில், கரன்ற் இருக்கிற நேரம் பார்த்துச் சார்ஜ் போட்டு, ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு ஆக்களை ஏற்றி இறக்கியது அதுதான். இன்றைக்கும் சித்தப்பாவின் வருமானம் அந்த ஹயர் ஓட்டம். அன்று விடியவும் ஒரு அம்மாவை டயலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கடைசி நேரத்தில் ஒரு ஓட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறார்.

இது இரண்டாம் தரம். முதல் தரம் கார் நின்றபோது, முந்தின இரவு திரையில் 80 வீதம் சார்ஜ் காட்டியது. விடிய ஒரு லைற்கூட எரியவில்லை. சார்ஜ் வயரைச் செருகியும் அசுமாத்தம் இல்லை. கராஜ்காரர் 12 வோல்ற் பற்றரியை மாற்றச் சொன்னார். 30,000 ரூபாய்க்குக் கிட்ட முடிந்தது. பத்தாம் நாள் பழையபடி. வேறொரு கராஜில், "இது சார்ஜ் பண்ணுற கொன்வேர்ட்டர் போட்டுது. லட்சக்கணக்கில வரும்" என்றார்கள். அடுத்த நாளே ஒருவர் வந்து, பாதி விலைக்குக் கேட்டார். சித்தப்பா ஒரு கிழமை தவணை சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த ஒரு கிழமைதான் எங்களுக்குக் கிடைத்தது. மூன்று பேரும் கலைப்பீடம். ஒருத்தி வரலாறு, ஒருத்தி மொழியியல், ஒருவன் புவியியல். "ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு வயரைப் பற்றி என்ன தெரியும்?" என்று சித்தி கேட்டா. ஒன்றும் தெரியாதுதான். ஆனால் ஒரு ஆள் ஒரு முடிவைச் சொன்னால், "அதுக்கு ஆதாரம் என்ன?" என்று கேட்கத்தானே மூன்று வருசமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கொன்வேர்ட்டரை ஒருவரும் அளந்து பார்க்கவில்லை என்பது இரண்டு கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

முதலில் வாசித்தோம். மின்சாரக் காரில் இரண்டு பற்றரிகள் இருக்கு. காரை ஓட வைக்கிற பெரிய பற்றரி, இந்தக் காரில் ஏறத்தாழ 360 வோல்ற். மற்றது, பெற்றோல் காரில் இருக்கிற மாதிரியே ஒரு சின்ன 12 வோல்ற் பற்றரி. லைற், பூட்டு, திரை, உள்ளே இருக்கிற கொம்பியூட்டர்கள் எல்லாம் சின்னதில்தான் விழிக்கும். காரை நிறுத்தியதும் பெரிய பற்றரியை ஒரு சுவிட்ச் காரிலிருந்து வெட்டிவிடும். திரும்ப அந்தச் சுவிட்சை இழுக்கச் சின்னப் பற்றரியின் கரன்ற் வேணும். பெரிய வீட்டுத் திறப்பு சின்ன வீட்டுக்குள்ள கிடக்கிற கதைதான். சின்னது படுத்தால், பெரியதில் 80 வீதம் இருந்தும் புண்ணியமில்லை. சார்ஜ் வயரைச் செருகினாலும் எழும்பாததற்குக் காரணம் அதுதான்.

பெற்றோல் காரில் சின்னப் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அல்ரனேற்றர். இதில் அந்த வேலையைக் கொன்வேர்ட்டர் செய்கிறது: பெரிய பற்றரியிலிருந்து எடுத்து, 14 வோல்ற் அளவுக்கு இறக்கிச் சின்னதுக்குக் கொடுக்கும். இன்னொரு விசயம், பெற்றோல் காரில் பற்றரி பலவீனமானால் ஸ்டார்ட் பண்ணும்போது அது முனகும், எங்களுக்குக் காது கேட்கும். மின்சாரக் கார் எழும்பக் கொஞ்சக் கரன்ற் போதும். அதனால் கடைசி நாள் வரைக்கும் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு விடியற்காலை கார் எழும்பாது.

அடுத்த பிரச்சினை வாசிக்க முடியாதது. வோல்ற் இறங்கும் நேரத்தில் திரை முழுக்க எச்சரிக்கைகள், நல்லூர்த் திருவிழா மாதிரி மஞ்சளும் சிவப்பும். எல்லாம் ஜப்பானிய மொழியில். போனின் மொழிபெயர்ப்புச் செயலியைப் பிடித்துப் பார்த்தோம்: பிரேக்கில் பிழை, ஸ்டியரிங்கில் பிழை, மின் அமைப்பில் பிழை. இத்தனை வருசமாகச் சித்தப்பா நிறத்தைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறார். எல்லா உறுப்பும் ஒரே நாளில் கெட முடியாது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று கெட்டிருக்க வேணும். அந்தப் பொதுவானது 12 வோல்ற்.

ஒரு மல்ரிமீற்றர் வாங்கினோம். செம்மஞ்சள் நிற வயர்கள் பெரிய பற்றரிக்குப் போகிறவை. அவற்றின் பக்கமே கை போகக்கூடாது என்பதை எங்களுக்கு நாங்களே சட்டமாக்கிக்கொண்டோம். அளந்தது எல்லாம் 12 வோல்ற் பக்கம் மட்டும்.

கார் நிற்கும்போது பற்றரியில் 11.6 வோல்ற். நிறைந்த பற்றரி 12.6க்கு மேல் காட்ட வேணும். 12.2 என்றால் பாதி. 11.6 என்றால் கிட்டத்தட்ட வெறுமை. ஈயப் பற்றரியை இப்படி வெறுமையாகவே கிடக்கவிட்டால் தகடுகளில் உப்புப் படிந்து, புதுசும் சீக்கிரம் பழசாகிவிடும். வெளிச் சார்ஜரைப் போட்டுக் கொஞ்சம் ஏற்றிவிட்டுக் காரை எழுப்பினோம். இப்போது பற்றரியின் இரண்டு முனைகளிலும் 12.9. "பாத்தியளே, கொன்வேர்ட்டர் சரியா ஏத்தேல்ல" என்றார் சித்தப்பா. எங்களுக்கும் முகம் விழுந்துவிட்டது.

ஆனால் கொன்வேர்ட்டர் அனுப்புவது ஒரு அளவு, பற்றரிக்கு வந்து சேர்வது இன்னொரு அளவு. பியூஸ் பெட்டியின் நேர்முனையில் ஒரு கம்பியையும் காரின் உடம்பு இரும்பில் மற்றதையும் வைத்தோம். 14.0! கொன்வேர்ட்டர் உயிரோடுதான் இருந்தது. இடையில் 1.1 வோல்ற் எங்கேயோ தொலைகிறது. பற்றரியின் எதிர்முனைக்கும் காரின் உடம்புக்கும் இடையில் அளந்தால், அதே 1.1. அங்கே 0.1ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேணும். எதிர்முனை வயர் உடம்போடு பூட்டுகிற நட்டைக் கழற்றினோம். உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. எங்கள் ஊர்க் கடற்காற்றுக்கு இரும்பு என்ன, செம்பு என்ன. அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணி, பழைய பல்லுத் தூரிகை, ஒரு துண்டு சான்ட்பேப்பர். காயவைத்து இறுக்கியபின் அந்த 1.1 வோல்ற் 0.05 ஆனது. பற்றரியில் 13.9.

அன்று இரவு கொத்துரொட்டி வாங்கிக் கொண்டாடினோம். பற்றரியை நிறைத்து, காரை ஓடாமல் விட்டோம். மூன்றாம் நாள் அளந்தால் 12.2.

அப்படியென்றால் இன்னொரு கை இருக்கு. நிற்கிற காரிலும் ஆரோ களவெடுக்கினம்.

எதிர்முனை வயரைக் கழற்றி, மீற்றரை இடையில் கோர்த்து, ஓடுகிற கரன்றை அளக்க வேணும். முதல் தரம் ஒருவன் கதவைத் திறந்தான். கார் விழித்தது, மீற்றரின் பியூஸ் எரிந்தது. இரண்டாம் தரம் திறப்பைத் தூரமாக வீட்டுக்குள் வைத்துவிட்டு, அரை மணித்தியாலம் ஒருவரும் கிட்டப் போகாமல் காத்திருந்தோம். கார் உண்மையாக நித்திரை கொண்டபின் 0.02, கூடினால் 0.05 அம்பியர் காட்டலாம். எங்களுக்கு 0.28. ஒரு நாளைக்கு 6.7 அம்பியர் மணி. 45 அம்பியர் மணிப் பற்றரி மூன்று நாளில் பாதி, ஒரு கிழமையில் வெறுமை. கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியது.

பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். ஐந்தாவதைக் கழற்ற மீற்றர் 0.02க்கு விழுந்தது. அந்தப் பியூஸிலிருந்து ஒரு மெல்லிய கறுப்பு வயர் கூரை ஓரமாக ஏறிக் கண்ணாடிக்குப் போனது. அதன் நுனியில் ஒரு சின்னக் கமரா, இரவு பகல் முழித்திருக்கிற கமரா.

அதை வருசப் பிறப்புக்குச் சித்தப்பாவுக்கு வாங்கிப் பூட்டிக் கொடுத்தது நாங்கள்தான். காசு சேர்த்து, காணொளி பார்த்து, எங்கள் கையாலேயே. கார் நிறுத்தினால் கமராவும் நிற்கிற பியூஸ் எது, எப்போதும் கரன்ற் இருக்கிற பியூஸ் எது என்று அன்று எங்களுக்குத் தெரியாது. "புதுசா ஏதும் பூட்டினீங்களோ?" என்று முதல் கராஜில் கேட்டபோது, பக்கத்தில் நின்று "இல்லை" என்று சொன்னதும் நாங்களேதான். கமராவை நாங்கள் காரின் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. கடைசியில், "சித்தப்பா, இது எங்கட பிழை" என்று சொன்னோம். புதுப் பற்றரிக் காசு, தவறிப்போன ஹயர்கள், பாதி விலைக்குப் போகப் பார்த்த கார், எல்லாம் எங்கள் மூன்று பேரின் தலையில் நின்றது. நட்டில் பூத்திருந்த உப்பும் சேர்ந்துதான் காரை விழுத்தியது. என்றாலும் அதைச் சொல்லித் தப்ப மனம் வரவில்லை. சித்தப்பா கமராவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஓம், பிழைதான். அதுக்கெண்டு கழட்டிப் போடாதேங்கோ. சரியான இடத்தில பூட்டுங்கோ" என்றார்.

பூட்டினோம். இரண்டு மாதமாகக் கார் ஒழுங்காக எழும்புகிறது. பற்றரிக் காசை மாதம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறோம். அவர் வேண்டாம் என்கிறார், நாங்கள் சித்தியிடம் கொடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா தானே மீற்றரை வைத்து அளந்து, ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறார். அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில், திரையில் வருகிற பதினொரு ஜப்பானிய எச்சரிக்கைகளும் அவற்றுக்கு நேரே தமிழும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மொழியியல் படிக்கிறவளின் கையெழுத்து. இரண்டு சொற்களுக்கு இன்னும் சரியான தமிழ் பிடிபடவில்லை. அதில் சித்தப்பா தன் பாட்டில் எழுதியிருக்கிறார்: "இது வந்தால் பயப்படாதே, முதல் சின்னப் பற்றரியைப் பார்."