கைக்கெட்டும் தூரம்

அறுவை அரங்கில் எல்லோர் கண்ணும் கத்தி பிடித்தவர் மேல்தான் இருக்கும். நான் பார்க்கப் போனது நோயாளியின் தலைமாட்டில் நிற்பவர்களின் கைகளை. மயக்க மருத்துவரும் டெக்னீஷியனும் முதல் பத்து நிமிடத்தில் செய்வது அசல் கைத்தொழில். புறங்கைக்கு மேலே டூர்னிகே கட்டி, தட்டி, நரம்பைத் தடவிப் பார்க்கிறார்கள் (சிரையைத்தான் நம்மூரில் நரம்பு என்கிறோம்). கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதைவிட, விரலுக்கு ரப்பர்போல் எம்புவதே நல்ல நரம்பு. “பச்சை போதுமா, சாம்பல் வேணுமா?” என்று கேட்பது வென்ஃப்ளானின் (நரம்புக்குள் ஏற்றும் குழாய் ஊசியின்) நிறத்தை: 18 கேஜ் பச்சை, 16 சாம்பல். ரத்தம் நிறையப் போகக்கூடிய அறுவைக்குப் பருமனானதுதான் வேண்டும். குழாயின் உள்விட்டம் இரு மடங்கானால், கணக்குப்படி, பாய்வு 16 மடங்காகும். ஊசி நரம்புக்குள் நுழைந்ததும் பின்புறம் ஒரு சொட்டு ரத்தம் தெரியும். அங்கேயே நிறுத்திவிடுபவர் புதியவர். ஊசிமுனை உள்ளே போயிருக்கும், அதைச் சுற்றிய பிளாஸ்டிக் குழாய் இன்னும் வெளியே நிற்கும். சாய்வைத் தாழ்த்தி ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிய பிறகுதான் குழாயை நழுவவிட வேண்டும்.

இதே கை அடுத்த சில நிமிடங்களில் தொண்டையைப் பார்க்கும் லாரிஞ்சோஸ்கோப்போடு வாய்க்கருகே போகிறது. எச்சில் பட்ட கை மானிட்டரின் பொத்தானைத் தொடுகிறது, வாயுக் குமிழைத் திருகுகிறது, மருந்து செலுத்த, ட்ரிப் குழாயிலுள்ள த்ரீ-வே என்ற மூவழித் திருகின் மூடியைக் கழற்றுகிறது. வாயிலிருந்து ரத்தத்துக்கு இவ்வளவுதான் வழி. அமெரிக்காவின் டார்ட்மத் மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்தில் கிருமியற்றிருந்த த்ரீ-வேக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அறுவை முடிவதற்குள் மாசுபட்டிருந்தது. உடனே நாம் சுவரொட்டி அச்சடிப்போம், பயிற்சி வகுப்பு வைப்போம். கழுவாத கைக்குப் பெரும்பாலும் காரணம் தூரம் என்பதே என் எண்ணம். கை சுத்தம் செய்யும் ஸ்டெரிலியம் புட்டி கதவோரச் சுவரில் தொங்கினால், நோயாளியின் முகத்தில் முகமூடியை அழுத்திப் பிடித்திருக்கும் கையை எடுத்துவிட்டு யார் அங்கே நடப்பார்? இந்த எண்ணத்துக்கு ஆதாரம் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. மத்திய சிரைக்குழாய் போடத் தேவையான பொருட்களை எடுக்க அங்கே எட்டு இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் வைத்தார்கள். அங்குள்ள மருத்துவர் பீட்டர் புரோனவோஸ்ட்டின் குழுவினர் இதே அணுகுமுறையை மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட பிரிவுகளுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் குழாய் வழியாக ரத்தத்தில் ஏற்படும் தொற்று 66 சதவீதம் வரை குறைந்ததை 2006இல் வெளியிட்டார்கள். வண்டி மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். கை கழுவுதல், தோலுக்குக் குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினி, நோயாளியை முழுக்க மூடும் மறைப்புத் துணி, தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுதல், தவறு கண்டால் மருத்துவரை நிறுத்தச் செவிலியருக்குத் தரப்பட்ட உரிமை எல்லாம் சேர்ந்தே நடந்தது. ஆனால் பொருள் கையருகே இல்லாத இடத்தில் மற்றவை காகிதத்தோடு நின்றுவிடும்.

“கையுறைதான் போட்டிருக்கிறோமே” என்பார்கள். எச்சில் பட்ட கையுறையும் த்ரீ-வேக்கு எச்சில் பட்ட கைதான். அவசரத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. ரத்தம் கொட்டும்போது உயிர்தான் முதலில். அப்படி அவசரத்தில் போட்ட சிரைக்குழாயைப் பிறகு மாற்றிவிட வேண்டும். தவிர, நேரமில்லாதவருக்குத்தான் புட்டி இன்னும் பக்கத்தில் வேண்டும்.

ரத்த அழுத்தத்தை அளப்பதிலும் தூரம் விளையாடுகிறது. மருத்துவர் ரிவா-ரோச்சி 1896இல் இத்தாலியில் உருவாக்கிய, அழுத்தம் அளக்கும் கைப்பட்டையை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1901இல் அமெரிக்காவுக்கு எடுத்துப்போனார். அந்தப் பட்டை ஒடுக்கமாக இருந்ததால் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டியது. அந்தப் பிழை இன்றும் தீரவில்லை. காற்றுப்பையின் அகலம் கைச்சுற்றளவில் சுமார் 40 சதவீதம் இருக்க வேண்டும். பருத்த கைக்குரிய பட்டை (கஃப்) ஸ்டோர் அறையில் கிடந்தால், தொங்குகிற கஃப்பையே இழுத்து ஒட்டுவார்கள். அழுத்தம் உண்மையில் சரிந்திருக்கும், மானிட்டரோ நல்ல எண்ணைக் காட்டும், அலாரமும் அடிக்காது. எண் தெரிகிறதே, போதாதா என்பவர்களுக்கு ஒன்று: பெரும்பாலான தானியங்கிக் கருவிகள் நாடித் துடிப்பின் அதிர்விலிருந்து சராசரி அழுத்தத்தைத்தான் நேரடியாகப் பிடிக்கின்றன, மேல் எண்ணும் கீழ் எண்ணும் அவை போடும் கணக்கு. ட்ரிப் ஓடும் கையிலேயே கஃப்பைக் கட்டினால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ட்ரிப் நின்று, குழாயில் ரத்தம் ஏறி நிற்பதையும் பார்க்கலாம். மறு கையில் கட்ட வயர் எட்டவில்லை என்பதுதான் பல சமயம் அதற்குக் காரணம்.

அரங்குகளைத் திட்டமிடுபவர்கள் ஒருமுறை தலைமாட்டில் நின்று, இடக்கையால் முகமூடி பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு வலக்கையை நீட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கொக்கி, ஒரு புட்டி, மூன்று அளவில் கஃப், சற்றே நீளமான வயர். டெண்டர் விடுகிற அளவு செலவில்லை.