ராணிக்குக் காவல்

எங்கள் ராணி ஈன்ற குட்டிகள், வளர்ப்பாரின்றிப் பெரியதாழைக் கடற்கரையில் ஒவ்வொன்றாக மடிந்தன. ஆகவே அவளுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்வித்தோம். சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே தெருநாய்களுக்காக இம்முறையைத் தொடங்கியது.

“பத்து நாள் தையல் நனையக் கூடாது, நக்கவோ ஓடவோ விடாதே” என்றார் மருத்துவர்.

விடியற்காலையில் அப்பாவின் வள்ளம் கரையேறும்போது ஓடிச்சென்று வரவேற்பது ராணியின் வழக்கம். கட்டிப்போட்டதும் ஊளையிட்டு அழுதாள். நான்காம் நாள் மனமிரங்கி அவிழ்த்துவிட்டேன். அலையில் நனைந்து, வயிறெல்லாம் மணலோடு திரும்பினாள். தையல் சிவந்து வீங்கியது. அழுதுகொண்டே மீண்டும் மருத்துவரிடம் ஓடினேன்.

அதன்பின் பள்ளி நேரம் தவிர அவளருகிலேயே இருந்தேன். தினமும் துவைத்த துணி விரித்தேன். மீன்முள் நீக்கிக் கஞ்சியில் பிசைந்து ஊட்டினேன். பதினான்காம் நாள் புண் ஆறியது. மறுநாள் அப்பாவை வரவேற்க எனக்கு முன்னே ஓடினாள்!

இரக்கம் மட்டும் போதாது, பொறுப்பும் வேண்டும் என்பதை இறைவன் ராணி வழியாக எனக்குக் கற்பித்தார்.