ஒறம்பரை போன வீட்டில் சீமாறு

பீளமேட்டில், அவிநாசி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் அடுக்ககம். மூன்றாம் மாடி வீட்டுக்கு நான் போனபோது காலை 11 மணி. தங்கியிருந்த பாலக்காட்டுக் குடும்பம் பெட்டிகளோடு லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த குடும்பம் 2 மணிக்கு வருகிறது. ஏர்பிஎன்பி வழியாக நாள்வாடகைக்கு விடும் வீடு அது. இடையில் கிடைக்கும் அந்த நேரத்துக்குள், முந்தைய ஆட்களின் ஒரு தலைமுடிகூடக் கண்ணில் படாதபடி வீட்டைத் தயாராக்க வேண்டும். இந்தத் தொழிலின் உயிர்நாடியே அதுதான்.

வேலைக்கு வந்திருந்த அக்காவோ துடைப்பத்தின் பக்கமே போகவில்லை. படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் உருவி வாஷிங் மெஷினில் போட்டார். சமையல் மேடைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேய்த்தார். கூடத்துத் தரையில் பிஸ்கட் தூள் சிதறிக் கிடந்தது. அதைத் தாண்டித் தாண்டியே நடந்தார். வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. அக்காவுக்கு அவர் ‘டீச்சர்’. நான் தரையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “அவங்களையே கேளுங்க” என்றார். அக்காவைக் கேட்டேன்.

“ஒறம்பரைக போன கையோட சீமாறு எடுக்கக் கூடாதுங்க. பொணத்த எடுத்த ஊட்டுலதான் ஒடனே கூட்டித் தண்ணி ஊத்திக் கழுவுவாங்க. போனவிங்க நல்லபடியா ஊடு போய்ச் சேரோணுமில்லீங்க?”

ஒறம்பரை என்றால் கொங்குப் பேச்சில் விருந்தாளி, சீமாறு என்றால் துடைப்பம். தமிழ்நாட்டில் இதைக் கேள்விப்படாத வீடு இருக்காது. ஊருக்குப் போனவர் தெருமுனை தாண்டும்முன் வாசல் கூட்டினால் என் பாட்டி திட்டித் தீர்த்துவிடுவார். ஆனால் பாட்டி அதைப் பார்த்தது வருஷத்தில் சில தடவைதான். விருந்தாளி படியிறங்கியதும் வீட்டைக் கூட்டுவதற்கென்றே இந்த அக்காவுக்குச் சம்பளம். செய்யவே கூடாது என்று பிறந்ததிலிருந்து சொல்லி வளர்க்கப்பட்ட காரியம் வாரத்தில் பல நாள் அவருடைய பிழைப்பாகிவிட்டது.

டீச்சர் ஆரம்பத்தில் வாதாடிப் பார்த்திருக்கிறார். “இவங்க நமக்குச் சொந்தமா பந்தமா? காசு கொடுத்துத் தங்கறவங்கதானே?” “யாரா இருந்தா என்னுங்க டீச்சர், உசுரு உசுருதானுங்களே” என்று பதில் வந்ததும் வாதத்தை விட்டுவிட்டார். வேலையின் வரிசையை மட்டும் மாற்றினார். முதலில் துணி, பிறகு பாத்திரம், அப்புறம் ஃபேன், அலமாரி, கண்ணாடி, குளியலறை, கடைசியில் தரை. 12 மணியாக இருந்த செக்-இன் நேரத்தை 2 மணிக்குத் தள்ளினார். தரைக்கு வரும்போது புறப்பட்டவர்கள் வாளையாரைத் தாண்டியிருப்பார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவுவது கிடையாது, ஈரத் துடைப்பான்தான். பெரிய ஓட்டல்களின் ஹவுஸ்கீப்பிங்கிலும் மேலிருந்து கீழே தூசி தட்டி வந்து, தரையைக் கடைசியில்தான் தொடுவார்கள். அக்காவின் சாங்கியம் டீச்சருக்குச் சரியான வேலை முறையையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டது.

கோவையில் இந்த நம்பிக்கைக்கு இன்னொரு கனமும் உண்டு. பீளமேட்டிலோ மேட்டுப்பாளையம் சாலையிலோ நாள்வாடகைக்கு வருகிறவர்களில் ஏராளமானோர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். கங்கா, கேஎம்சிஎச், பிஎஸ்ஜி, அரவிந்த் என்று கேரளத்திலிருந்தும் நாமக்கல், கரூர் பக்கமிருந்தும் வருகிறார்கள். லாட்ஜைவிட வீடு என்றால் நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கலாம். ஒருமுறை இந்த வீட்டில் தங்கியிருந்த குடும்பம் அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக விடியற்காலையில் கிளம்பியது. போகும்போது, நாங்கள் இல்லாத நேரத்தில் வீட்டைக் கூட்டித் துடைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்கா வந்தார், குப்பைக்கூடையை மட்டும் காலி செய்தார், போய்விட்டார். ஆபரேஷனுக்குப் போனவர் பின்னால் சீமாறு போடுவதா? நல்ல சேதி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. விளக்கு வைத்த பிறகும் கூட்டக் கூடாதே! மறுநாள் காலையில்தான் தரை சுத்தமானது. வீடு கூட்டாமல் கிடந்த காரணத்தை டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அந்தக் குடும்பத்து அம்மா அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்று உட்கார்ந்துவிட்டாராம்.

எல்லாமே இப்படி நெகிழ்ச்சியாக முடிவதில்லை. அக்கா ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் மூலைக்கு மூலை சாம்பிராணி போடுவார். யார் யாரோ வந்து படுத்த இடம், யாருடைய கண்ணோ, யாருடைய நோவோ, அதையும் வெளியேற்றாமல் எப்படி அடுத்தவரைப் படுக்க வைப்பது? அவர் கணக்கில் ஃபினாயில் பாதி வேலை, சாம்பிராணி மீதி. ஆஸ்துமா உள்ள ஒருவர் வந்து தங்கிவிட்டு, வீடு முழுக்கப் புகை நாற்றம் என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். ஏர்பிஎன்பியில் ‘சூப்பர்ஹோஸ்ட்’ பட்டம் நிற்க சராசரி 4.8க்குக் குறையக் கூடாது. இங்கே டீச்சர் விட்டுக்கொடுக்கவில்லை, சரிதான். மூச்சு முட்டுகிறவருக்கு நம்முடைய புகை புனிதமாகத் தெரியாது. இப்போது சாம்பிராணி உண்டு, ஆனால் புது விரிப்பு போடுவதற்கு முன்னால், ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்து. துணி விரித்த பிறகு போட்டால் புகை துணியில் ஏறிக்கொள்ளும். மூச்சுத் தொந்தரவு இருப்பதாக முன்பே சொல்லிவிட்டு வருகிறவர்கள் என்றால் அன்றைக்குச் சாம்பிராணி பால்கனியோடு சரி. அக்கா தெளிக்கும் மஞ்சள் தண்ணீரும் வாசற்படியோடு நிற்கும். வெள்ளை விரிப்பில் பட்ட மஞ்சளை எடுக்க எந்த சோப்புக்கும் திராணியில்லை.

நான் அங்கே இருந்தபோதே ஒன்று நடந்தது. தலையணைக்கடியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். நோயாளிக்காக யாரோ மந்திரித்து வைத்தது. அக்கா இரண்டடி பின்னால் போனார். “இத நான் தொடமாட்டனுங்க.” டீச்சர் பேசாமல் ஒரு காகிதத்தை எடுத்து வந்து பழத்தைச் சுற்றி, தாமே கீழே கொண்டுபோனார். முகத்தில் சலிப்பில்லை. இந்த வீட்டில் எழுதாத ஒப்பந்தம் இது: அக்கா தொடாததை டீச்சர் தொடுவார்.

அடுத்த வீட்டைப் பார்க்க, பேரூர் வழியாகச் சிறுவாணி சாலையில் போகும் பஸ்ஸில், இதையெல்லாம் மூடநம்பிக்கை என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடலாமா என்று யோசித்துக்கொண்டு போனேன். கோவைக்காரர்களுக்கு அப்படி மூடுவது கஷ்டம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் இந்த ஊரைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. அந்த நினைவு பிளேக் மாரியம்மன் கோயில்களாக இன்றும் நகரத்துக்குள் நிற்கிறது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது இருகூர்ப் பக்கம் காமாட்சிபுரி ஆதீனத்தில் ‘கொரோனா தேவி’ சிலை வைத்து 48 நாள் யாகம் நடத்தினார்கள். சிரித்தவர்கள் சிரித்தார்கள். நோய்க்கும் அழுக்குக்கும் சாமிக்கும் நடுவில் இந்த ஊர் என்றைக்குமே கோடு போட்டதில்லை. வாசல் பெருக்கிச் சாணி தெளித்தால்தான் லட்சுமி வருவாள் என்று வளர்ந்தவரிடம், நீ தூசியை மட்டும் எடு, மற்றதை விட்டுவிடு என்று சொன்னால் அவருக்குப் பாதி வேலையை நிறுத்தச் சொன்னதாகத்தான் கேட்கும்.

ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் தாண்டினால் வெள்ளியங்கிரி முன்னால் வந்து நிற்கிறது. 2017 மகாசிவராத்திரியன்று 112 அடி ஆதியோகி சிலை திறக்கப்பட்ட பிறகு, செம்மேடு, பூண்டிப் பக்கம் தோட்டத்து வீடுகள்கூட நாள்வாடகைக்கு மாறின. நான் போனது ஒரு தென்னந்தோப்பு வீடு. இங்கே வருகிறவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் இல்லை, சாமியைத் தேடி வருகிறவர்கள். ஆகவே சிக்கலும் வேறு. அறுந்த ருத்ராட்சம், விபூதிப் பொட்டலம், சாமி படம், பாதி எரிந்த அகல், மந்திரம் அச்சடித்த துணி என்று போகிறபோது விட்டுவிட்டுப் போவார்கள். வேலை செய்கிற பெண் இதில் எதையும் குப்பைக்கூடையில் போடமாட்டார். ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறார். முன்பெல்லாம் பேரூருக்குக் கொண்டுபோய் நொய்யலில் விட்டுக்கொண்டிருந்தாராம். நொய்யல் பட்ட பாடு போதாதா என்று வீட்டுக்குச் சொந்தக்காரரான தோட்டக்காரர் தடுத்து, விபூதியும் திரியும் தென்னை மரத்தடிக்கு, படமும் மணியும் ஊர்ப் பிள்ளையார் கோயில் அரசமரத்தடிக்கு என்று பிரித்துவிட்டார். அரசமரத்தடிப் பூசாரி என்ன சொல்கிறாரோ!

பேரூருக்குத் திதி கொடுக்கவும் அஸ்தி கரைக்கவும் வருகிறவர்களும் இந்தச் சாலையில் அறை தேடுகிறார்கள். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, வெளியே மரத்தில் கட்டி வைப்பதுதான் வழக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பையனுக்கு இது தெரியவில்லை. கலசத்தை அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். உள்ளே வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்க அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. தோட்டக்காரர் பையனிடம் பக்குவமாகச் சொல்லி, வேப்பமரத்தில் ஒரு கொக்கி அடித்துக் கொடுத்தார். இப்போது முன்பதிவு செய்கிறவர்களுக்குப் போகும் தகவலிலேயே அந்தக் கொக்கி இருக்கிறது. எனக்கு இது பிடித்திருந்தது. நம்பிக்கையை வேலைக்காரரின் பிடிவாதம் என்று சொல்லாமல், வீட்டின் விதியாக எழுதிவிட்டார்.

தோட்டக்காரருக்கு உண்மையான நஷ்டம் ஊர்த் திருவிழாவான நோம்பியில்தான். கொங்கு ஊர்களில் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டி அறிவித்துவிட்டால் ஊர்க்காரர்கள் ராத்திரி வெளியூரில் தங்கமாட்டார்கள். கோயில் முன்னால் நட்ட கம்பத்துக்குப் பெண்கள் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். நோம்பி முடியும்வரை காலை வேலைக்கு ஆளே கிடையாது. “சாட்டுத் தேதி தெரிஞ்சதும் காலண்டர்ல அந்த நாளையெல்லாம் அடைச்சுருவனுங்க. வர்றவங்க அடுத்த வாரம் வருவாங்க, மாரியாத்தா வருவாளுங்களா?” என்றார். அந்த நாட்களுக்கும் சம்பளம் கொடுப்பீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். பாதி கொடுப்பதாகச் சொன்னார். பாதிதானா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். இப்போது எழுதிவிட்டேன்.

இந்துச் சாமி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். சரவணம்பட்டியில் ஒரு வீட்டில் வேலை செய்யும் பெண் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர். ஞாயிறு காலை வரமாட்டார். ஐடி ஆட்கள் காலி செய்வதோ ஞாயிறு காலையில். ஆராதனை முடிந்து 1 மணிக்கு வரலாம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். வருகிற வெள்ளைக்காரர்களுக்கு ஆரத்தி எடுத்துப் பொட்டு வைக்கச் சொன்னபோது மட்டும் முடியாது என்றாராம். நியாயம். பொட்டு வைப்பது துப்புரவு வேலையில் எந்த இடத்தில் வருகிறது?

எனக்குக் கோபம் வந்தது நகரத்தின் பழைய பகுதியில் ஒரு தனி வீட்டில். மாடி முழுக்க நாள்வாடகைக்கு. இரண்டு பெண்கள் வேலைக்கு. ஒருவர் அறைகளுக்கு, இன்னொருவர் கக்கூஸுக்கும் குளியலறைக்கும். முதல் பெண் கக்கூஸ் கழுவமாட்டார். “அது அவங்க நம்பிக்கைங்க, நாம மதிக்கோணுமில்லீங்க” என்றார் வீட்டுக்காரர். கக்கூஸ் கழுவுகிற பெண் பின்படிக்கட்டில் வந்து போகிறார். பூஜை அறைப் பக்கம் நடக்கவும் கூடாது. அவருக்கு ஏதாவது நம்பிக்கை உண்டா என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் எந்தச் சாதி என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே தெரிகிற மாதிரித்தான் ஏற்பாடே இருந்தது. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஒழித்து எழுபது வருஷத்துக்கு மேலாகிறது. எலுமிச்சம்பழத்தைத் தொடமாட்டேன் என்பது ஒருவர் தன்னைக் காத்துக்கொள்வது. அந்த அழுக்கு இன்ன ஆளுக்குத்தான் என்பது இன்னொருவரைத் தாழ்த்துவது. முன்னதற்கு வேலை வரிசையை மாற்றலாம், நேரத்தைத் தள்ளலாம், கொக்கி அடிக்கலாம். பின்னதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்து மரியாதை செய்ய வேண்டியதில்லை. இருவரும் அறையும் கக்கூஸும் சேர்த்தே முறை வைத்துச் செய்யட்டும், அல்லது வீட்டுக்காரர் பிரஷ்ஷை எடுக்கட்டும்.

மாதவிடாய் விஷயத்திலும் இதே கோடுதான். வீட்டுக்குத் தூரமான நாட்களில் பூஜை அறைக்குள் போகமாட்டேன் என்று ஒரு பெண் தானாகச் சொன்னால் சரி என்று விட்டுவிடலாம். அந்த நாட்களை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்பது அநாகரிகம். நாள்வாடகை வீட்டில் பூஜை அறையைப் பூட்டிவிட்டால் இந்தப் பேச்சே எழாது, பெரும்பாலானவர்கள் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. நான் பேசிய பெண்களில் யாரும் அதில் பதிந்திருக்கவில்லை. வீட்டைத் திறந்து வியாபாரம் செய்கிறவர்கள் முதலில் அவர்களை அதில் பதிந்து, உறுப்பினர் அட்டையை வாங்கிக் கொடுங்கள். வேலைக்குச் சேர்க்கும் அன்றே, எந்த நாள் வர முடியாது, எதைத் தொடமாட்டீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். தங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: தலையணைக்கடியில் வைத்த எலுமிச்சம்பழத்தைப் போகும்போது நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.