கிராஃபர்டு மார்க்கெட்டும் தலைச்சுமைக்காரரும்

மும்பைப் பட்டணத்துக்குப் பிழைக்க வந்த நம் ஜனங்களில் கிராஃபர்டு மார்க்கெட்டை மிதியாதவர் சிலரே. டிசம்பர் பிறந்துவிட்டால் செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் ரயிலேறி, மஸ்ஜித் நிலையத்திலோ சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்திலோ இறங்கி, காகித நட்சத்திரமும் வண்ண விளக்குச் சரமும் வாங்க அநேகர் அங்கே போகிறார்கள். நம்முடைய சபைகளில் அலங்காரத்துக்கு அவ்வளவு இடமில்லை. ஆனால் பிள்ளைகள் விடுவதில்லையே. வாங்கியதைக் கைகொள்ளாமல் சுமந்துகொண்டு, ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் திரும்பிவிடுகிறோம். அந்தக் கட்டடத்தை நின்று பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, பண்டிகைக் கூட்டம் இல்லாத ஒரு வாரநாள் காலையில் நான் போயிருந்தேன்.

முதலில் வாசலைப் பாருங்கள். வளைவுகளுக்கு மேலே கல்லில் செதுக்கிய சிற்பப் பலகைகள் இருக்கின்றன. அவற்றில் அரசனும் இல்லை, போர்வீரனும் இல்லை. நம் நாட்டு உழவர்கள் இருக்கிறார்கள். இவற்றை வடிவமைத்தவர் ஜான் லாக்வுட் கிப்ளிங். 1865-இல் அருகிலுள்ள ஜே. ஜே. கலைப்பள்ளிக்கு ஆசிரியராக வந்தவர். அதே ஆண்டின் இறுதியில் அவருக்குப் பிறந்த மகனே எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங். கட்டடத்தை வரைந்தவர் வில்லியம் எமர்சன். வேலை தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய இருபத்திரண்டு வயது! பிற்காலத்தில் அலகாபாத்தில் ‘பத்தர் கிர்ஜா’ என்று ஜனங்கள் அழைக்கும் பெரிய கல் ஆலயத்தையும், கொல்கத்தாவின் விக்டோரியா நினைவு மண்டபத்தையும் வடிவமைத்தவர் இவரே. ஆலயத்துக்கும் அரசிக்கும் முன்பாகக் காய்கறிக்கு மாளிகை எழுப்பியவர் என்று சொல்லலாம்.

அந்நாட்களில் பம்பாய்க்கு ஒரு கோட்டை இருந்தது. அதற்கு அப்பல்லோ வாசல், சர்ச் வாசல், பஜார் வாசல் என்று மூன்று வாசல்கள். சர்ச் வாசலின் பெயர் இன்றைக்கும் சர்ச்கேட் ரயில் நிலையத்தில் வாழ்கிறது. பழைய எருசலேமின் மதிலிலும் மீன் வாசல் என்று ஒன்று இருந்ததை நாம் அறிவோம். ஜனங்கள் எதைத் தேடி வந்தார்களோ அதுவே வாசலுக்குப் பெயராகிவிடுகிறது. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டு யுத்தம் நடந்தபோது, இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அங்கிருந்து பஞ்சு வருவது தடைபட்டது. பம்பாய்த் துறைமுகத்தின் பஞ்சுக்குப் பொன் விலை கிடைத்தது. பட்டணம் பெருத்தது. 1860-களில் கோட்டை மதில் இடிக்கப்பட்டது. யுத்தம் முடிந்ததும் பஞ்சு விலை சரிந்து, 1865-இல் அநேகர் ஒரே கோடையில் திவாலானார்கள். இந்தச் சந்தைக்கு வேலை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 1869-இல் கட்டி முடித்தார்கள்.

வெயிலிலும் மழையிலும் சேற்றிலும் திறந்த வீதியில் நடந்த வியாபாரத்தை ஒரு கூரையின்கீழ் கொண்டுவருவது சுகாதாரத்துக்கு அவசியம் என்று அன்றைய நகராட்சி எண்ணியது. ஆகையால் இந்தக் கட்டடத்தில் அழகைவிடக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் கழுவுதலுக்குமே அதிகக் கவனம் செலுத்தப்பட்டிருக்கிறது. சுவர் குர்லாவின் மங்கலான மஞ்சள் நிறக் கல். இடையிடையே வசாயின் செங்கல் நிறக் கல். இரும்புச் சட்டங்களின்மேல் உயர்ந்த கூரை. வெளிச்சம் மேலிருந்து இறங்குகிறது. பழத்தின்மேல் நேர்வெயில் விழுவதில்லை. தரைக்கு ஸ்காட்லாந்தின் கெய்த்னஸ் பகுதியிலிருந்து தளக்கற்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். தேயாத கல், தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் சுத்தமாகும் கல். நடுவே 128 அடி உயர மணிக்கூண்டு. 1882-இல் இங்கே மின்விளக்கு ஏற்றப்பட்டது. இந்தியாவில் மின்னொளி பெற்ற முதல் கட்டடம் இதுவே என்று சொல்வார்கள். உள்ளே எமர்சன் வரைந்து கிப்ளிங் சிற்பம் செய்த ஒரு நீரூற்றும் உண்டு. பிற்காலத்தில் அதன்மேல் பூசிய வண்ணங்களைப்பற்றி நான் ஒன்றும் சொல்லாமல் விடுவதே நலம்.

பெயரைப்பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆர்தர் கிராஃபர்டு இப்பட்டணத்தின் முதல் நகராட்சி ஆணையர். சுறுசுறுப்பானவர், தாராளமாகச் செலவழிப்பவர். அவர் செலவழித்தது வரி கட்டுவோரின் பணம். வரி கட்டுவோர் எழும்பிக் கேள்வி கேட்டார்கள். அதன் பலனாக 1872-இல் புதிய சட்டம் வந்தது. 64 பேர் கொண்ட நகரமன்றத்தில் பாதிப் பேரை வரி கட்டுவோரே தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. கிராஃபர்டு வேறு பதவிகளுக்குச் சென்றார். 1888-இல் அவர்மேல் லஞ்சக் குற்றச்சாட்டு எழும்பி, பெரிய விசாரணை நடந்து, முடிவில் அரசுப் பணியை இழந்தார்.

அதே 1888-ஆம் ஆண்டு, இதே பம்பாயில், ஜனங்கள் கூடி ஒரு மனிதருக்கு மகாத்மா என்னும் பட்டத்தைக் கொடுத்தார்கள். அவர் ஜோதிராவ் புலே. பூவை விளைவித்து விற்ற மாலி குலத்தில் பிறந்தவர். ‘புலே’ என்ற பெயரே பூவிலிருந்து வந்தது. புனேயில் ஸ்காட்லாந்து மிஷனெரிகளின் பள்ளியில் படித்தார். 1848-இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்து, தம் மனைவி சாவித்திரிபாயை ஆசிரியையாக்கினார். உழவர் படும் பாட்டைப்பற்றித் தனி நூலே எழுதினார். சந்தையின் இன்றைய பெயர் மகாத்மா ஜோதிபா புலே மண்டயி. மண்டயி என்றால் மராத்தியில் காய்கறிச் சந்தை. நம் ஊர் மண்டிக்கு உறவான சொல். டாக்ஸிக்காரர்கள் இன்னும் கிராஃபர்டு என்றே சொல்கிறார்கள். வாசலின்மேல் உழவரைச் செதுக்கிய கட்டடத்துக்குப் புலேயின் பெயரே பொருந்தும் என்பது என் எண்ணம்.

நம் காதுக்கு மண்டயி என்பது ‘மண்டை’ என்றே விழுகிறது. அதுவும் பொருத்தந்தான். ஏனெனில் இந்தச் சந்தை நூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதரின் மண்டைகளின்மேல்தான் நின்றிருக்கிறது. வண்டியிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வண்டிக்கும், ரத்னகிரியிலிருந்தும் தேவ்கட்டிலிருந்தும் வைக்கோல் பரப்பி வந்த ஹாப்பூஸ் மாம்பழப் பெட்டிகள் எல்லாம் தலைமேலேறியே போயின. தலையில் சுமப்பவரை இங்கே மாதாடி என்பார்கள். பெரும்பாலும் சாத்தாரா, சாங்லிப் பக்கத்து வறண்ட கிராமங்களிலிருந்து, நம்மைப்போலவே பிழைக்க வந்தவர்கள். கூலி அன்றன்றைக்கு, காலோ இடுப்போ போனால் மறுநாள் ஒன்றுமில்லை. அண்ணாசாகேப் பாட்டீல் என்பவர் இவர்களைச் சங்கமாக்கிப் போராடினார். 1969-இல் மகாராஷ்டிர அரசு மாதாடிகளுக்கும் ஹமால்களுக்குமாகத் தனிச் சட்டம் இயற்றியது. சந்தை கட்டி முடிந்து சரியாக நூறு ஆண்டு கழித்து!

அந்தச் சட்டத்தின் ஏற்பாடு கவனிக்கத்தக்கது. சுமைகூலியை வியாபாரி நேரே தொழிலாளியின் கையில் கொடுப்பதில்லை, வாரியத்தில் கட்டுகிறார். கூலிக்கு மேலே ஒரு பங்கும் சேர்த்துக் கட்டுகிறார். அந்தப் பங்கிலிருந்து சேமநிதி, பணிக்கொடை, விடுமுறைச் சம்பளம், வைத்தியச் செலவு ஆகியவை வருகின்றன. ஒரே முதலாளியிடம் வேலை செய்யாதவனுக்கும் இப்படியொரு பாதுகாப்புச் செய்யலாம் என்று அது காட்டியது.

1996 மார்ச் மாதத்தில் மொத்தப் பழ வியாபாரம் நெரிசலை முன்னிட்டு நவி மும்பைக்குப் போய்விட்டது. லாரிகள் வாஷிக்குத் திரும்பின. வாரியத்தில் பதிவான சுமை வேலையும் லாரிகளோடே போயிற்று. இங்கே மிஞ்சியது சில்லறை வியாபாரமும், வட்டமான அகலக் கூடையோடு வாசலில் காத்து நிற்கும் மனிதருமே. கூடைக்கு மராத்தியில் பாட்டி என்று பேர். ஆகையால் இவர்கள் பாட்டிவாலாக்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நரை விழுந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சாத்தாராப் பக்கம் ஊர். வருகிறவர் பின்னால் கூடையை ஏந்திக் கடை கடையாய்ப் போவார். அவர்கள் வாங்க வாங்கக் கூடையில் சேரும். முடிவில் காரிலோ டாக்ஸியிலோ இறக்கிவைப்பார். ஒரு மணி நேரத்துக்கு வந்து போகும் வாடிக்கையாளரை எந்த வாரியத்தில் முதலாளியாகப் பதிவு செய்வது? வயதானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தலையில் வைக்கும் சும்மாட்டைக் கையில் சுருட்டிக்கொண்டே, மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான் என்று மட்டும் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

அப்போதே ஒரு குடும்பம் வந்தது. ஐந்தாறு கடை சுற்றி, உலர்ந்த திராட்சையும் முந்திரியும் தட்டுமுட்டுச் சாமான்களும் கூடை நிரம்ப வாங்கினார்கள். விலை சொன்ன கடைக்காரரிடம் பேரம் பேசியது அவர்கள் சாமர்த்தியம். அதைக் குறை சொல்லேன். டாக்ஸியில் சுமையை இறக்கிய பிறகு பாட்டிவாலாவிடமும் பேரம் நடந்தது. இது எனக்குச் சற்றும் சம்மதமில்லை. கூடையை எடுக்குமுன்பே கூலியைப் பேசிவிட வேண்டும். பேசியதைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும். வாங்குகிறவருக்கும் அதுவே லாபம், வழக்கு இராது.

பழைய மண்டபத்தைச் செப்பனிட்டுச் சந்தையைப் புதுப்பிக்கும் வேலையை மாநகராட்சி பல கட்டங்களாகச் செய்துவந்திருக்கிறது. கல்லைக் கழுவினால் நிறம் திரும்புகிறது. கூரையைச் சரிசெய்தால் வெளிச்சம் திரும்புகிறது. கூடைக்காரர் உட்கார ஒரு நிழலும் குடிக்கத் தண்ணீரும் வாசலருகே இருக்கவேண்டுமென்று வரைபடம் போடுகிறவர்களிடம் யாராவது சொல்லவேண்டும். நான் புறப்பட்டபோது என்னோடு பேசிய பெரியவர் அடுத்த வாடிக்கையாளர் பின்னே போய்க்கொண்டிருந்தார். கூடையில் இரண்டு தர்பூசணிகள் ஏறியிருந்தன.